மறையூர்க் கொம்பனும் எங்கள் அங்காடிக் காலண்டரும்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் குடை வாங்குவதில்லை. மறையூருக்கு எந்த பஸ், எங்கே தங்குவது, யானை நிச்சயமாக வருமா என்று கேட்டுவிட்டு, ஒரு குடையை விரித்துப் பார்த்து மடக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. ஆகையால் எழுதிவிடுகிறேன். நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். அந்தப் பாரத்தில் இரண்டு வருஷம் இருந்ததால் அதில் உள்ள பாடங்கள் மற்றவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு தெரியும். எழுத்தில் குற்றம் இருந்தால் அச்சுக் கோத்தவரைக் கேளுங்கள்.

மாநிலம் பிரித்து பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்த மறு வருஷம், ஐப்பசி முடிகிற சமயம். எங்கள் வலியங்காடி வியாபாரிகள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடுவோம். எல்லாக் கடையிலும் அது தொங்கும். படம் சிவகாசியிலிருந்து வரும். ஆறு வருஷமாக ஒரே படம்தான்: கன்னம் சிவந்த ஒரு குழந்தை, மடியில் ஒரு முயல். அந்தக் குழந்தைக்கும் எங்கள் அங்காடிக்கும் என்ன சம்பந்தம்? கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன்.

“நம்ம கிட்ட கோட்டை இருக்கு. ஜைனமேட்டுல கருங்கல் கோயில் இருக்கு. மறையூர் மலையில ஆதி மனுசன் எழுதுன பாறை ஓவியம் இருக்கு, காட்டுக் கொம்பன் ஆனை இருக்கு. எல்லாத்தையும் நான் படம் புடிச்சுட்டு வர்றேன். எது நல்லா இருக்கோ அதைப் போடுங்க. கீழ பொடி எழுத்துல ‘படம்: குடைக்கடை காதர் மைதீன்’ அப்படின்னு மட்டும் போட்டாப் போதும்.”

அரிசி மண்டி சுப்பண்ணக் கவுண்டர்தான் காரியதரிசி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போடலாமுங்க பாய். பொடி எழுத்து என்னத்துக்கு, கொட்டை எழுத்துலயே போடலாம். ஆனா ஒண்ணுங்க. வாயில புடிச்ச ஆனை எங்களுக்கு வேண்டாம். அது நெறைய இருக்குதுங்க. படத்துல புடிச்ச ஆனை வேணும். கார்த்திகை முடியறதுக்குள்ள வரலீன்னா, பழையபடி கொழந்தையும் மொசலுந்தான்.”

கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். வாளையார்க் காட்டிலும் தோணி மலையடிவாரத்திலும் நான் நேருக்கு நேர் நின்ற யானைகளைப் பற்றி அங்காடியில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒருவனும் நம்பினதில்லை. சாட்சி இல்லாத வீரம் அப்படித்தான். இந்தத் தடவை என் பெயர் அச்சில் ஏறி ஒவ்வொரு கடையின் சுவரிலும் பன்னிரண்டு மாசம் தொங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அது நடக்காவிட்டால் இனி வாயைத் திறக்க முடியாது. வாயைத் திறக்காமல் என்னால் குடை விற்க முடியாது.

காமிரா என்னிடம் ஏற்கெனவே இருந்தது. நெல்லியாம்பதித் தோட்டத்து துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். மேஜைக்காகப் போய் பெட்டிக் காமிராவோடு வந்தேன். ஒரு சுருளில் எட்டுப் படம். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து, விசையைத் தட்ட வேண்டும். தட்டியதும் பக்கத்தில் உள்ள திருகைச் சுற்றி பிலிமை நகர்த்த வேண்டும். முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த ஒரு சின்ன ஓட்டை. அடுத்த நம்பர் அதில் வந்து நிற்கும் வரை சுற்ற வேண்டும் என்று பிலிம் விற்ற ஸ்டூடியோக்காரர் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு அந்த ஓட்டை பிடிக்கவில்லை. வெளிச்சம் புகுந்தால் பிலிம் கெடும் என்று அவரே சொல்கிறார். அப்புறம் ஓட்டை எதற்கு? வெயிலை மறைப்பதுதானே நம் தொழில். முதல் தரக் குடைத்துணியை எடுத்து, காமிராவுக்கு அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டு ஓர் உறை தைத்தேன். கண்ணுக்கும் விசைக்கும் திருகுக்கும் மட்டும் வழி விட்டேன். ஓட்டை மூடிப்போயிற்று. நம்பர் தெரியாவிட்டால் என்ன? முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு படம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். இப்படி ஓர் உறை சீமையில்கூடக் கிடையாது.

துணைக்கு என் மச்சினன் அமீதை அழைத்தேன். என் வீட்டுக்காரியின் தம்பி. மர டிப்போவில் தடி அளக்கும் குமாஸ்தா. எதையும் டேப் பிடித்து அளந்தால்தான் அவனுக்கு நம்பிக்கை. இருபது வருஷமாக என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத ஆள். இவன் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வீட்டுக்காரி, “அவன் கூட வந்தா போங்க. இல்லாட்டி நீங்க பொள்ளாச்சிச் சந்தையில ரெண்டு நாள் உக்காந்துட்டு வந்து கதை சொல்லுவீங்க” என்றாள்.

கிளம்பும் நாள் காலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே கோட்டைக்குப் போனோம். அகழியில் தண்ணீரைவிடப் பாசி அதிகம். ஆனால் அந்த நேரத்தில் கிழக்கு வெயில் மதில்மேல் சாய்வாக விழும். கல்லுக்குக் கல் சந்து தெரியும். படம் எடுக்க நினைப்பவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு தாலுக்காக் கச்சேரிக்கு வருகிறவர்களின் சைக்கிள்கள் மதிலை மறைத்துவிடும். அங்கிருந்து ஜைனமேடு நடை தூரம். கோபுரமோ வர்ணமோ கிடையாது. வெறும் கருங்கல் தூண்களும் சுவரும். அந்தச் சுவரில் கையை வைத்தால் ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி இருக்கும். இது ஐந்நூறு வருஷத்துக் கோயில் என்கிறார்கள். எனக்கென்னவோ ஆயிரத்துக்குக் குறையாது என்று படுகிறது. கோட்டைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. எண்ணி ஒரு சுற்று, எண்ணி ஒரு சுற்று.

ஒன்பது மணி பஸ். கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி இருபத்தெட்டு மைல். வலது பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பனைமரங்களுக்குப் பின்னால் மலை கூடவே வரும். கோபாலபுரத்தில் செக்போஸ்ட். அந்தப் பக்கம் மதுவிலக்கு ஆனதால் மூட்டைகளை எல்லாம் முகர்ந்து பார்க்கிறார்கள். காவலர் என் மடியைப் பார்த்தார்.

“ஏனுங்க பாய், அந்தக் கறுப்புத் துணிக்குள்ள என்னங்க?”

“காமிராங்க.”

“காமிராவுக்கு எதுக்குங்க கோசாப் பொம்பளையாட்டம் முக்காடு போட்டு வெச்சிருக்கறீங்க? எறங்குங்க.”

இறங்கினேன். அவர் உறையோடு குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். பஸ் முழுக்கத் தலை வெளியே நீட்டியது. “திறந்தா எட்டுப் படமும் போயிரும்ங்க. வேணும்னா உங்களையே ஒண்ணு எடுக்கறேன். காலண்டர்ல வரும்” என்றேன். அவர் காமிராவைத் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைச் சரி செய்தார். நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தபடி நின்றார். தட்டினேன். பஸ்ஸில் ஏறியதும் அமீது சொன்னான்: “ஆனைக்கு வெச்சிருந்ததுல ஒண்ணு போச்சு மச்சான்.”

பொள்ளாச்சியில் கட்டுச்சோறு. அங்கிருந்து உடுமலைப்பேட்டை பதினெட்டு மைல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டு வீட்டு லாட்ஜில் ஒரு ரூபாய்க்கு இரண்டு கயிற்றுக் கட்டில். மூட்டைப்பூச்சிக்குத் தனி வாடகை இல்லை. மறுநாள் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தோம். சின்னாறு பதினேழு மைல். அதற்கு மேல் மறையூர் பத்து மைல், முழுக்க ஏற்றம். வளைவுகளில் நடத்துனர் இறங்கி முன்னால் நடந்து போய், யானை இல்லை என்று கை காட்டிய பிறகுதான் பஸ் போகும். நானும் இறங்கி நடந்தேன். நடத்துனருக்கு ஒரு தைரியம் வேண்டாமா?

மறையூரில் இறங்கியதும் சந்தன வாசனை மூக்கில் ஏறும் என்று எழுத ஆசைதான். வந்தது புல்தைலம் காய்ச்சுகிற வாசனை. டீக்கடையில் மாடசாமி என்ற லாரி டிரைவர் கிடைத்தான். அவன் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூணாறு எஸ்டேட்டுக்கு வந்தவராம். மறையூரிலிருந்து எஸ்டேட்டுக்குக் காய்கறியும் உடுமலைக்குத் தைல டின்னும் ஏற்றிப் போவது அவன் வேலை. அவனைப் பார்த்ததுமே இவன் என் ஜாதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, பேச்சுக்காரன்.

“ஆனையா? பாய், என்னத்தச் சொல்ல! போன ஆடியில எஞ்சின் நின்னு போச்சு, ஏத்தத்துல. பொறவால ஒரு கொம்பன் வந்து தும்பிக்கையைக் குடுத்துத் தள்ளிவிட்டான் பாத்துக்கிடுங்க. மூணாறு வரைக்கும் பெட்ரோலே செலவாகல.”

விட்டுக்கொடுக்க முடியுமா? “வாளையார்ல ஒரு கொம்பன் என்னை வழி மறிச்சான். குடைக்கம்பால மத்தகத்துல ஒரு தட்டுத் தட்டினேன். அப்படியே மண்டி போட்டுட்டான்” என்றேன்.

அமீது டீயை ஊதிக்கொண்டே, “போன வருசம் அது காட்டுப்பன்னியா இருந்துச்சு மச்சான்” என்றான்.

மாடசாமி தொடையைத் தட்டிச் சிரித்தான். “பன்னி வளந்து ஆனையாயிருக்கும்வே, விடுங்க!” அதிலிருந்து எங்களுக்குச் சிநேகம். மத்தியானம் வரை அவனுக்கு லோடு இல்லை. தானே வழி காட்டுவதாக வந்தான்.

ஊருக்கு மேலே பாறை மேட்டில் முனியறைகள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கவிழ்த்திருக்கிறார்கள். சுண்ணாம்பில்லை, ஆணியில்லை. முனிவர்கள் இருந்த அறை என்கிறார்கள் ஊரார். செத்தவர்களை வைத்த இடம் என்கிறார்கள் படித்தவர்கள். நான் ஒன்றுக்குள் நுழைந்து உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் என்னைவிட உயரம் குறைவு. ஐயாயிரம் வருஷமோ ஐம்பதாயிரமோ, எப்படியும் என் காலத்துக்கு முந்தினதுதான். இரண்டு படம் எடுத்தேன். கல்லில் நிழல் நீளமாக விழும் மாலை வேளை இன்னும் நல்லது. நான் போனது உச்சி வெயிலில். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

அங்கிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால், மலை தன் வாயைப் பாதி திறந்தது மாதிரி ஒரு பாறை விளிம்பு. அதன் அடியில்தான் ஓவியங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. காவிச் சிவப்பிலும் வெள்ளையிலும் மான்கள், கை கோத்து நிற்கும் ஆட்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பழைய மானின் வயிற்றுக்குள் புது மனிதன் நிற்கிறான். ஒரு யானை இருந்தது. கால் நாலும் நம் கடைக் குடைப்பிடி போல வளைந்திருந்தன. ஆனால் காது மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஆமாம், அசையாத சித்திரத்தில் காது அசைகிற மாதிரி ஒரே இழுப்பில் போட்டிருக்கிறான். நேரில், பக்கத்தில் நின்று பார்க்காமல் அப்படிப் போட முடியாது. இவன் பயப்படாத ஆள் என்று தெரிந்துகொண்டேன். அல்லது பயந்தும் நின்றவன்.

“இவன் பேரை எங்கயாச்சும் எழுதியிருக்கானா பாரு அமீது” என்றேன்.

தேடிப் பார்த்துவிட்டு, “இல்லீங்க மச்சான்” என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு செய்துவிட்டுப் பெயர் போடாமல் போவதா? இரண்டு படம் எடுத்தேன். உள்ளே வெளிச்சம் கம்மி என்று அமீது முனகினான். என் கண்ணுக்குத் தெரிந்தது காமிராவுக்குத் தெரியாதா என்று அதட்டினேன். என் கணக்குப்படி ஏழு படம் ஆகிவிட்டது. பாக்கி ஒன்று, கொம்பனுக்கு.

மூன்று மணிக்கு மாடசாமியின் லாரியில் தைல டின்களோடு இறங்கினோம். சின்னாற்றுக்கு நாலு மைல் இருக்கும்போது ஒரு பாலம், அதையடுத்து ஒரு திருப்பம். கீழே ஆறு ஓடுகிற சத்தம். மாடசாமி திடீரென்று பிரேக்கை மிதித்தான். டின்கள் ஒன்றோடொன்று இடித்தன.

“அந்தா நிக்கான்” என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்காரனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நடு ரோட்டில் ஒரு கொம்பன். தனியாக. உயரம் ஒன்பதடி இருக்கும். செம்மண் பூசிக்கொண்டு, ஒரு மூங்கில் கொத்தை உடைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் காமிராவையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாடசாமி என் சட்டையைப் பிடித்தான். உதறினேன். அமீதும் இறங்கினான், ஏன் இறங்கினான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இருபது தப்படி நடந்தேன். பத்தடி உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது. காமிராவை வயிற்றில் வைத்துக் குனிந்தால், கண்ணாடியில் யானை இல்லை, ஒரே வெள்ளை. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று நேரே காமிராவுக்குள் அடிக்கிறது. இதற்குத்தானே குடை! விரித்துப் பிடித்தால் வெளிச்சம் மறையும். ஆனால் பெட்டிக் காமிராவுக்கு இரண்டு கை வேண்டும், குடையை விரிக்க இரண்டு கை வேண்டும். பின்னால் கையை நீட்டி, “புடி, ஒரு நிமிசம்” என்று காமிராவை அமீதிடம் கொடுத்தேன். இரண்டடி முன்னால் போய்க் குடையை விரித்தேன்.

எங்கள் கடைக் குடை விரியும்போது நல்ல சத்தம் கேட்கும். அதுதான் அதன் தரம். கொம்பன் மூங்கிலைப் போட்டுவிட்டுத் திரும்பியது. காது இரண்டும் விரிந்தன. பதினோரடி. நான் ஓடவில்லை. ஓடுவதற்குக் கால் வேண்டும், அந்தச் சமயம் அவை என்னிடம் இருந்ததாக ஞாபகமில்லை. கறுப்புக் குடையைத் தலைக்குமேல் பிடித்தபடி அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. உள்ளே கலிமா ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் தையல் பிரிகிற சத்தம்: பர்ரென்று என் இரட்டைத் தையல். பிறகு திருகு சுற்றும் சத்தம், நிதானமாக, தடி அளக்கிற நிதானத்தோடு. பிறகு ‘டக்’.

கொம்பன் மூச்சு விட்டது. அந்தக் காற்று என் குடைக்குள் புகுந்தது. அப்புறம், பெரிய மனிதர்கள் கூட்டத்திலிருந்து எழுந்து போவது போல, ரோட்டை விட்டு இறங்கி ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

லாரியில் ஏறிக்கொண்டோம். பிறகு நான், “நான் அசையாம நின்னதாலதான் படம் ஆடாம வந்திருக்கும்” என்றேன். மாடசாமி, “பாய், ஒம்ம ஆனைய இனிமே நான் நம்புதேன்” என்றான். அமீதின் மடியில் காமிரா இருந்தது. உறை இல்லாமல் அம்மணமாக இருந்தது.

பாலக்காடு வந்து ஸ்டூடியோவில் சுருளைக் கொடுத்தோம். மறுநாள் மாலை ஸ்டூடியோக்காரர் ஈரப் பிலிமை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். கோட்டை மதிலின்மேல் ஜைனமேட்டுத் தூண்கள் முளைத்திருந்தன. அந்தத் தூண்களுக்கு நடுவே கோபாலபுரத்துக் காவலர் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். முனியறை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மாடி வீடு ஆகியிருந்தது. பாறை ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பிலிம்; அதை வரைந்தவன் என்னிடமிருந்தும் பெயரில்லாமல் தப்பித்துவிட்டான்.

“பாய், சுருள் ஒல்லியா இருக்கறப்ப ரெண்டு சுத்துக்கு மேல சுத்தணுங்க. நீங்க ஒண்ணு சுத்தியிருக்கறீங்க. அதனாலதான் நம்பரைப் பாருங்கன்னு சொன்னேன். கடைசில இன்னும் மூணு படத்துக்கு எடம் சும்மா கெடக்குதுங்க” என்றார். பிறகு, “ஆனா இது ஒண்ணு” என்று மெதுவாகச் சொல்லிக் கடைசிப் படத்தைக் காட்டினார்.

நம்பருக்கு நேரே சுற்றி, சுத்தமாக எடுத்த ஒரே படம். குடை பாதிச் சூரியனை மறைத்திருந்தது. காதை விரித்த கொம்பன். அதற்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, குடை பிடித்தபடி ஒரு மனிதன். அது நான்.

கார்த்திகை முடிய நாலு நாள் இருக்கும்போது கூட்டம். படத்தைப் பெரிசு பண்ணி மேஜைமேல் வைத்தேன். எல்லாரும் குனிந்தார்கள். பாத்திரக்கடை வேலாயுதன் செட்டியார்தான் முதலில் வாயைத் திறந்தார்: “கோயில் ஆனையா பாய்? பாகன் எங்க, குடைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கானா?”

சிரிப்பு. “பதினோரடிக் கொம்பன்!” என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. கவுண்டர்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது வழக்கமில்லை.

அப்போது பின் வரிசையில் அமீது எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

“நான் கூட நின்னேங்க. சங்கிலி இல்லீங்க, பாகன் இல்லீங்க. மச்சான் சொல்றது அத்தனையும் நெசம்.”

“பதினோரடி?” என்றார் செட்டியார்.

அமீது என்னைப் பார்த்தான். ஊரில் ஒரு தடியை அரை அங்குலம் கூட்டிச் சொல்லாத ஆள்.

“பதினோரடிங்க” என்றான்.

செட்டியார் உட்கார்ந்துவிட்டார். மர டிப்போ அமீது அளவு சொன்னால் அங்காடியில் அப்பீல் கிடையாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நானே மனசுக்குள் ஒன்பதில்தான் வைத்திருந்தேன்.

கவுண்டர் பேனாவைத் திறந்தார். “அப்ப இதே படமுங்க. கீழ பேரு போடோணுமே. படத்துல நிக்கறது நீங்க. அப்ப எடுத்தது ஆருங்க?”

இதற்கு நான் பதில் தயார் செய்துதான் வந்திருந்தேன். விசையில் மீன் நரம்பைக் கட்டி, மறு முனையைக் கால் கட்டை விரலில் சுற்றி, அங்கிருந்தே இழுத்தேன் என்று. நல்ல கதை. அங்காடி முழுக்க நம்பியிருக்கும், ஏனென்றால் அமீது வாயைத் திறக்க மாட்டான் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. பதினோரடியைக் கொடுத்தவன் இதையும் கொடுத்துவிடுவான்.

“எழுதுங்க கவுண்டரே,” என்றேன். “படம்: மர டிப்போ அமீது. கொட்டை எழுத்துல போடுங்க.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது நுனி சிவந்துபோயிற்று.

இந்த வருஷம் முழுக்க வலியங்காடியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அந்தக் காலண்டர்தான். வருகிறவர்கள் கீழே உள்ள பெயரைப் படித்துவிட்டு, “அமீது யாரு?” என்று கேட்கிறார்கள். “என் மச்சினன்” என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு அரை அங்குலம் ஏறுகிறது. என் பெயர் இருந்திருந்தால்கூட இவ்வளவு ஏறியிருக்காது. குடைக்குக் கீழே நிற்கிற முதுகு யாருடையது என்று அவர்கள் கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

கடைசியாக, போக நினைக்கிறவர்களுக்கு. கார்த்திகை, மார்கழி நல்ல மாசங்கள். பனி கலைய ஒன்பது மணியாகும். சுருள் ஒன்று போதாது, மூன்று எடுங்கள், மறையூரில் கிடைக்காது. பாறைக்கு அடியில் எடுக்க வேண்டுமானால் காமிராவைக் கல்லின்மேல் அசையாமல் வைத்து, விசையைக் கொஞ்ச நேரம் அழுத்தியே பிடியுங்கள் என்று ஸ்டூடியோக்காரர் சொல்கிறார். சிவப்பு ஓட்டையை மூடாதீர்கள். யானையை ரோட்டில் பார்த்தால் லாரியை விட்டு இறங்க வேண்டாம். அதெல்லாம் எல்லாராலும் ஆகிற காரியமில்லை. துணைக்கு ஓர் ஆளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர் உங்கள் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவராக இருக்கட்டும். நம்புகிற ஆளாக இருந்தால், அந்த நேரத்தில் அவர் லாரிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.